இயேசு படத்தில் இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்தது?

தவக்காலத்தில் தங்கள் பங்குத் தேவாலயத்தில் இயக்குநர் மெல் கிப்சனின் 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' படத்தைத் திரையிடப் போகிறார்கள், பத்து வயதுப் பிள்ளைகளும் வருவார்கள் என்று எழுதிவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "அதில் வரும் அடி, ரத்தம் எல்லாம் பைபிளில் உள்ளபடிதானா? இதைப்போல உண்மையான இயேசு படம் வேறு கிடையாது என்கிறார் ஒருவர். யூதர்களை வெறுக்கச் செய்யும் படம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?" இதில் மூன்று கேள்விகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. நற்செய்தி நூல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. அன்று எருசலேமில் என்ன நடந்திருக்கும் என்பது இன்னொன்று. படம் பார்த்து முடித்தவருக்கு யார்மேல் கோபம் வருகிறது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் இருபது வருடம் தாண்டியும் இந்தச் சண்டை ஓயவில்லை என்று நினைக்கிறேன்.

நான் ஒரு குருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புதிய ஏற்பாடு கற்பிக்கிறேன். கிரேக்க மூலத்தை வரிவரியாக மாணவர்களோடு வாசிப்பதுதான் என் வேலை. சினிமாக் கலையோ மருத்துவமோ நான் படித்ததில்லை. அதனால் ஓர் உடம்பு எத்தனை அடி தாங்கும் என்பது போன்ற கேள்விகளுக்குள் போகமாட்டேன். இந்தப் படத்தை வகுப்புக்காகப் பலமுறை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். கசையடியை மாற்கும் மத்தேயுவும் கிரேக்கத்தில் ஒரே ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பழைய தமிழ் பைபிளில் அது "வாரினால் அடிப்பித்து" என்று இரண்டு சொல்லாக இருக்கிறது. யோவானில் ஒரு சிறிய வசனம். லூக்கா கசையடி நடந்ததாகவே எழுதவில்லை; இவனைத் தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று ரோமை ஆளுநர் பிலாத்து சொல்வதோடு சரி. சிலுவையில் அறைந்ததும் அப்படித்தான், ஒரு வினைச்சொல்லில் முடிந்துவிடுகிறது. எத்தனை அடி, எந்தச் சாட்டை, ஆணி எங்கே இறங்கியது, எவ்வளவு ரத்தம் என்று நற்செய்தி எழுதிய நால்வரில் யாருமே சொல்லவில்லை. பாடுகளின், அதாவது இயேசு பட்ட துன்பங்களின், வரலாற்றில் ஆணி என்ற சொல்கூட இல்லை. உயிர்த்தெழுந்த பிறகு, ஆணித் தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா சொல்லும் இடத்தில்தான் அது வருகிறது.

ஏன் இவ்வளவு சுருக்கம் என்று மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். முதலில் வாசித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பதுதான் என் பதில். கி.மு. 4இல் யூதேயாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய ரோமைத் தளபதி வாருஸ் ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் ஏற்றினான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். கி.பி. 70இல் எருசலேமை ரோமைப் படை முற்றுகையிட்டபோது, பசி தாங்காமல் வெளியே வந்தவர்களைப் பிடித்து நாளொன்றுக்கு 500 பேர், சில நாள் அதற்கும் மேல், நகர மதிலுக்கு எதிரிலேயே அறைந்தார்கள் என்றும் அவரே எழுதுகிறார். இதையெல்லாம் பார்த்த தலைமுறைக்குச் 'சிலுவை' என்ற சொல்லே போதும்.

இப்போது படத்துக்கு வருவோம். கசையடிக் காட்சி ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடுகிறது. முதலில் பிரம்பு. அது முடிந்து இயேசு தட்டுத் தடுமாறி எழுந்து நிற்பதைப் பார்த்ததும் வீரர்கள் வேறு சாட்டையை எடுக்கிறார்கள். அதன் வார்களின் நுனியில் உலோகக் கொக்கிகள். ஒருவன் அதை முதலில் மேசைமேல் வீசிப் பார்க்கிறான். கொக்கி மரத்தில் சிக்குகிறது, இழுத்தால் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வருகிறது. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பதை நாம் அந்த மேசையிலேயே பார்த்துவிடுகிறோம். பக்கத்தில் நிற்பவன் இலத்தீனில் எண்ணிக்கொண்டே போகிறான். என் வகுப்பில் இந்த இடம் வரும்போது யாராவது ஒருவர் வெளியே எழுந்து போய்விடுவார். நான் தடுப்பதில்லை.

இந்த எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. இயேசுவுக்கு 39 அடி விழுந்தது என்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த எண் யூதச் சட்டத்தைச் சேர்ந்தது. நாற்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது என்று பழைய ஏற்பாட்டின் உபாகம நூலில் இருக்கிறது. தவறி ஒன்று கூடிவிடாமல் இருக்க ஒன்றைக் குறைத்துக்கொள்வார்கள். அப்படி ஐந்து முறை வாங்கியதாகத் திருத்தூதர் பவுல் எழுதியிருக்கிறார். இயேசுவை அடித்தவர்களோ ரோமை வீரர்கள். அவர்களுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. எத்தனை அடி விழுந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எண்ணைச் சொல்லிப் பிரசங்கிப்பவரும் எண்ணிக் காட்டும் இயக்குநரும் கற்பனையைத்தான் நம் முன் வைக்கிறார்கள்.

அப்படியானால் இந்த ரத்தமெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதிக்கு விடை அன்னா கத்தரீனா எம்மரிக். இவர் 1774 முதல் 1824 வரை வாழ்ந்த ஜெர்மானியத் துறவி. நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இயேசுவின் பாடுகளைக் காட்சிகளாகக் கண்டதாகச் சொன்னார். கிளெமென்ஸ் பிரென்டானோ என்ற கவிஞர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு, அவர் இறந்தபின் 1833இல் நூலாக வெளியிட்டார். கைதான இயேசு கட்டோடு பாலத்திலிருந்து கீழே விழுவது, பிலாத்துவின் மனைவி மரியாவுக்கு வெள்ளைத் துணி கொடுத்தனுப்புவது, மரியாவும் மகதலா மரியாவும் முழந்தாளிட்டு, கசையடி நடந்த கல்தரையில் கிடக்கும் ரத்தத்தைத் துடைத்து எடுப்பது, இவையெல்லாம் அந்த நூலிலிருந்து வந்தவை. நற்செய்தியில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. அதில் எம்மரிக் சொன்னது எவ்வளவு, பிரென்டானோ சேர்த்தது எவ்வளவு என்பதை அறிஞர்களாலேயே பிரிக்க முடியவில்லை. 2004 அக்டோபரில், அதாவது படம் வந்த அதே ஆண்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எம்மரிக்கைப் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தினார். அந்த விசாரணையில்கூட பிரென்டானோவின் நூல்களைத் திருச்சபை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னதும் 'அப்போ எல்லாம் கட்டுக்கதையா?' என்று யாரும் பதற வேண்டாம். நாம் வளர்ந்த பக்தியே இப்படிப்பட்டதுதான். பதினான்கு நிலைச் சிலுவைப் பாதையில் இயேசு மூன்று முறை விழுவதும் வெரோணிக்கா முகம் துடைப்பதும் நற்செய்தியில் இல்லை. இயேசுவின் பாடுகளைப் புலம்பலாகச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை நீட்டி இழுத்து வாசிக்கும்போது என் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். ஒவ்வொரு காயத்தையும் நின்று பார்ப்பதும், அந்த அடி எனக்காக விழுந்தது என்று மனம் உருகுவதும் பல நூற்றாண்டுகளாக இருக்கும் ஜெப முறை. இந்தப் படம் அந்த முறையில் எடுத்த படம். அதனால்தான் விமர்சகர்கள் பலர் இதைச் சித்திரவதைப் படம் என்று ஒதுக்கியபோது, கோடிக்கணக்கான விசுவாசிகள் பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போவதுபோலப் போய்ப் பார்த்தார்கள். 2004 பிப்ரவரி 25, திருநீற்றுப் புதன் அன்று வெளியானது. ஏறக்குறைய மூன்று கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க அறுபது கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த அழுகை பொய்யல்ல. அதை மதிக்கிறேன். 'பைபிளில் உள்ளபடியே' என்று சொல்லும்போதுதான் எனக்குக் கை நீட்டித் தடுக்கத் தோன்றுகிறது.

வரலாற்றுக் கேள்வியில் நிச்சயமும் சந்தேகமும் கலந்தே இருக்கின்றன. ஆணி அடிக்கும் வழக்கம் இருந்தது உறுதி. 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறைக் குகையில் யோகனான் என்ற பெயர் பொறித்த எலும்புப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் பக்கவாட்டில் இறங்கிய இரும்பு ஆணி இன்னும் அப்படியே இருந்தது. படத்தில் இயேசு முழுச் சிலுவையையும் சுமக்கிறார், கூட வரும் கள்வர்கள் குறுக்குக் கட்டையை மட்டும் சுமக்கிறார்கள். கள்வர்களைக் காட்டிய விதம்தான் ரோமை வழக்கத்துக்குப் பொருந்துவது என்பார்கள் பெரும்பாலான அறிஞர்கள். படத்தில் இயேசு பேசும் அரமேயிக் மொழியைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, அது உண்மை. ஆனால் ரோமைப் பேரரசின் கிழக்குப் பகுதியில் பொதுமொழி கிரேக்கம். பிலாத்து யூதேயாவில் பேசியிருக்கக்கூடிய அந்த மொழிக்குப் படத்தில் இடமே இல்லை, எல்லாம் இலத்தீன். விழாவுக்கு ஒரு கைதியை விடுவிக்கும் வழக்கம், இயேசுவுக்குப் பதிலாகப் பரபா என்ற கைதியை விடுவித்த வழக்கம், நற்செய்திகளுக்கு வெளியே எந்த நூலிலும் இல்லை. நடந்திருக்காது என்று அதை வைத்து நான் சொல்லமாட்டேன்; உறுதி என்றும் சொல்ல முடியாது.

பிலாத்து விஷயத்தில் எனக்கு அவ்வளவு தயக்கம் இல்லை. படத்தில் அவன் சிந்தனையில் ஆழ்ந்த, மனசாட்சி உறுத்துகிற நல்ல மனிதன். மனைவியோடு உண்மை என்றால் என்ன என்று பேசிக் கவலைப்படுகிறான். அவன் காலத்திலேயே வாழ்ந்த அலெக்சாந்திரிய யூதர் பிலோவோ, அவனை இரக்கமற்றவன், விசாரணையே இல்லாமல் ஆட்களைக் கொன்றவன் என்று எழுதுகிறார். கெரிசிம் மலையில் கூடிய சமாரியர்களை வெட்டி வீழ்த்திய பிறகுதான் அவனை உரோமைக்குத் திரும்ப அழைத்தார்கள். லூக்கா நற்செய்தியிலேயே, பலி செலுத்த வந்த கலிலேயரை அவன் கொன்ற செய்தி வருகிறது. அந்த மனிதன் யூதத் தலைமைக் குரு கயபாவுக்குப் பயந்து கையைப் பிசைந்தான் என்பதை நம்புவது கடினம். தலைமைக் குருவின் பதவி நிலைப்பதும் போவதும் ரோமை ஆளுநரின் தயவில்தான் இருந்தது. நற்செய்திகளிலேயே பிலாத்துவின் பொறுப்பைக் குறைத்துக் காட்டும் போக்கு இருக்கிறது. ரோமைப் பேரரசுக்குள் வாழவேண்டியிருந்த ஒரு சிறு கூட்டம் எழுதிய நூல்கள் அவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். படம் அந்தப் போக்கை இன்னும் பத்து மடங்கு ஆக்கிவிடுகிறது.

நீங்கள் கேட்ட யூத வெறுப்புக் கேள்வி இங்கேதான் வருகிறது. 2003இலேயே கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சிலர் சேர்ந்து படத்தின் ஆரம்பத் திரைக்கதை ஒன்றை வாசித்துத் தங்கள் கவலைகளை எழுதி அனுப்பினார்கள். பவுலா பிரெட்ரிக்சன், ஏமி-ஜில் லெவின் போன்ற, எங்கள் துறையில் எல்லோரும் மதிக்கும் பெயர்கள் அதில் இருந்தன. தயாரிப்புத் தரப்பு அந்தப் பிரதி திருட்டுத்தனமாக வெளியே போனது என்று வழக்கு மிரட்டல் விட, அமெரிக்க ஆயர் பேரவை மன்னிப்புக் கேட்டுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கவலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்று மத்தேயுவில் கூட்டம் சொல்லும் ஒரு வசனத்தை வைத்து ஐரோப்பாவில் எத்தனையோ தலைமுறைகளாக யூதர்களைக் 'கடவுளைக் கொன்றவர்கள்' என்று அடித்தார்கள். ஜெர்மனியின் ஒபராமர்காவ் கிராமம் கொள்ளைநோய்க் காலத்து நேர்த்திக்கடனாக 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்திவருகிறது. 1934இல் அதன் 300ஆம் ஆண்டு மேடையேற்றத்துக்கு இட்லர் வந்து உட்கார்ந்தான். பின்னால் 1942இல், யூதர்களின் ஆபத்தைக் காட்டும் நாடகம் என்று அதைப் புகழ்ந்தும் பேசினான். 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லோரையுமோ இன்றைய யூதர்களையோ குற்றம் சாட்டக் கூடாது என்று அறிவித்தது. ஒபராமர்காவும் தன் வசனங்களைத் திருத்திக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு வந்த படம் இது.

கிப்சன் அந்த இரத்தப்பழி வசனத்தின் ஆங்கில வரியைக் கடைசியில் எடுத்துவிட்டார், அரமேயிக் ஒலியை விட்டுவைத்தார். எனக்கு அதைவிடக் கண்ணில் உறுத்துவது காட்சிகள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைத் துரத்தும் யூதச் சிறுவர்களின் முகங்கள் பேய் முகங்களாக மாறுகின்றன. கசையடி விழும்போது சாத்தான் நடந்து போவது யூதத் தலைவர்கள் நிற்கும் பக்கமாக. இயேசு இறந்ததும் கோவிலில் திரை மட்டும் கிழிந்ததாக நற்செய்தி சொல்ல, படத்தில் கோவிலே பிளக்கிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யூதர்களின் நீதிமன்றமான தலைமைச் சங்கத்தில் இந்த இரவு விசாரணை அநியாயம் என்று எதிர்த்துப் பேசும் யூதர்களைப் படம் காட்டுகிறது. சிலுவை சுமக்க உதவும் சீமோனை ரோமை வீரன் 'யூதன்' என்று எச்சில் துப்புவதுபோலச் சொல்ல, அந்தச் சீமோன்தான் படத்தில் மிக அன்பான மனிதன். மிகக் கொடூரமாகச் சிரித்துக்கொண்டே அடிப்பவர்களும் ரோமையர்கள்தான். யூதர்களை வெறுக்கச் செய்யவே எடுத்த படம் என்று நான் சொல்லமாட்டேன். பழைய பாடுகளின் நாடகங்களில் இருந்த விஷத்தை வடிகட்டாமல் ஊற்றிய படம் என்று சொல்வேன். பயந்ததுபோல அமெரிக்காவில் கலவரம் எதுவும் வரவில்லை. ஆனால் படம் வெளியான சமயத்தில் டென்வர் நகரில் ஒரு தேவாலயம், ஆண்டவர் இயேசுவை யூதர்கள் கொன்றார்கள் என்று தன் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தது. 2006இல் கிப்சன் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானபோது யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அதை வைத்துப் படத்தைத் தீர்ப்பிட நான் விரும்பவில்லை. திரையில் இருப்பதே பேசுவதற்குப் போதுமானது.

இந்த இடத்தில் 1988ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி, கிரேக்க எழுத்தாளர் கசான்சாக்கிஸின் நாவலை வைத்து 'த லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' எடுத்தார். இது நற்செய்திகளை வைத்து எடுத்த படம் அல்ல என்று படத்தின் தொடக்கத்திலேயே போட்டார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு, மணம் செய்து பிள்ளை குட்டிகளோடு வாழ்வதுபோல ஒரு சோதனைக் காட்சி வருகிறது. கடைசியில் அதை உதறிவிட்டுச் சிலுவைக்கே திரும்புகிறார். எதிர்ப்பாளர்களில் பலர் அந்த முடிவைப் பார்த்ததே இல்லை. அமெரிக்க நற்செய்திப் பிரசங்கி பில் பிரைட், படத்துக்கு ஆன செலவைத் தாமே திரட்டித் தருகிறோம், பிரதிகளை அழித்துவிடுங்கள் என்று யுனிவர்சல் நிறுவனத்திடம் சொன்னார். அக்டோபர் 22 இரவு பாரிஸின் சேன்-மிஷேல் திரையரங்கில், படம் ஓடிக்கொண்டிருந்தபோதே பழமைவாதக் கத்தோலிக்கர் சிலர் தீ வைத்தார்கள். 13 பேர் காயமடைந்தார்கள், சிலருக்குப் பலத்த தீக்காயம். சிலி நாட்டில் அந்தப் படத்துக்கு இருந்த தடை கருத்துரிமை மீறல் என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2001இல் தீர்ப்புச் சொன்னது. ஆக, இயேசு படங்களைச் சுற்றி நிஜமாகவே மனித உடல் வெந்தது, இயேசுவை ரத்தத்தில் குளிப்பாட்டிய படத்துக்காக அல்ல. அவர் ஒரு பெண்ணோடு வாழ்வதாகக் கனவு கண்ட படத்துக்காக. 1988இல் மறியல் செய்த வட்டாரங்களே 2004இல் மொத்தம் மொத்தமாக டிக்கெட் வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப்போயின. என் மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, உங்களுக்கு எது அதிகமாக உறுத்துகிறது, ஏன் என்று எழுதச் சொல்வேன். எழுத அவர்களுக்கு நிறைய நேரம் பிடிக்கும்.

இன்னொரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய இயக்குநர் பசோலினி, கம்யூனிஸ்ட், நாத்திகர். முந்தைய ஆண்டுதான் ஒரு குறும்படத்துக்காக மதத்தை இழிவுபடுத்தினார் என்று இத்தாலிய நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது. அவர் 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கி, திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். கிப்சன் எருசலேமாகக் காட்டும் தெற்கு இத்தாலியின் மத்தேரா நகரம்தான் பசோலினிக்கும் எருசலேம். அதே குகை வீடுகள், அதே கல் படிகள், நாற்பது வருட இடைவெளி. விசாரணையை அவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல எடுத்திருக்கிறார். நெருங்கிப் போய்ப் பார்க்க நம்மை விடவே இல்லை. பேச்சு முழுக்க மத்தேயுவின் வார்த்தைகள். மகன் சிலுவையில் கிடக்கும்போது மரியா துவண்டு விழுகிறாள். அந்த வயதான மரியா பசோலினியின் சொந்தத் தாய். நற்செய்தியின் சுருக்கத்தை அப்படியே நம்பி எடுத்த படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்று சான்றிதழ் வாங்கிய படம் இது. பக்திப் படம் என்பதால் காயமாகாது என்று இல்லை. இளைஞர்களுக்குப் போடுவதாக இருந்தால், போடுவதற்கு முன் மாற்கு 15ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்புறம் லூக்கா 23இல் இரண்டு வசனம். இயேசுவுக்குப் பின்னால் பெருங்கூட்டமாக மக்களும் பெண்களும் அழுதுகொண்டே போனார்கள் என்று ஒன்று. நடந்ததைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு திரும்பினார்கள் என்று இன்னொன்று. அழுதவர்கள் எல்லோரும் யூதர்கள். அறையப்பட்டவரும், அடிவாரத்தில் நின்ற தாயும் யூதர்கள்தான்.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறிய காட்சி உண்டு. இயேசு கைதான இரவு, மரியா திடுக்கிட்டு விழித்து, "மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்கிறாள். நாம் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்தோம், இனி அடிமைகள் இல்லை, அதனால் என்று மகதலா மரியா பதில் சொல்கிறாள். மரியாவாக நடித்த மாயா மோர்கென்ஸ்டெர்ன் ருமேனியாவைச் சேர்ந்த யூதப் பெண். முடிந்தால் அந்த இடத்தில் படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பாஸ்கா விருந்தில், யூத வீடுகளில் சாப்பாட்டு மேசையில் சின்னப் பிள்ளை கேட்கும் கேள்வி அது என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு தொடருங்கள்.